கொக்கி பிடிக்கிற ஆள்

கம்பெனி பஸ் பிரிஸ்கில்லாவை உத்திரமேரூர் சாலையில் இறக்கிவிட்டபோது மணி நாலேகால். காலை ஷிப்டு முடிந்து வருகிற பெண்ணுக்கு வேண்டியதெல்லாம் ஒரு டம்ளர் டீயும் காலை நீட்ட ஓரிடமும்தான். அன்றைக்கு இரண்டுக்கும் கொடுத்துவைக்கவில்லை. நிறுத்தத்திலேயே மாமியார் மார்த்தாள் நின்றுகொண்டிருந்தாள். களை பறித்துவிட்டுக் கழுவாத கால், கையில் களைக்கொத்து.

"சின்னவரு ஜீப்ப ஏரிக்குள்ள உட்டுட்டாராம்மா. அச்சு வரிக்கும் பூந்துகினு கீதாம். ஆல்பர்ட்ட கூப்ட ஆளு வந்துச்சு. சோத்துல கைய வெச்சவன் அப்டியே எழுந்து ஓடிட்டான்."

"ரோப்பு போடவா?"

"வேற இன்னாத்துக்கு அவன கூப்புடப் போறாங்க?"

பிரிஸ்கில்லா கைப்பையை மாமியாரிடம் கொடுத்தாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஏரிப் பக்கம் திரும்பினாள்.

"நீ போயி இன்னா பண்ணப் போற? அது ஆம்பளைங்க வேல" என்றாள் மார்த்தாள்.

"அந்த வேலைய பாக்கத்தான் போறேன் அத்த."

அந்த ரோப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது முத்துகிருஷ்ணனுடையது. ஊரில் முப்பது ஏக்கர் வைத்திருப்பவர். அவருடைய அப்பா காலத்தில் கிணறு தூர்வார வந்த கிரேன்காரன் விட்டுவிட்டுப் போன இரும்புக் கம்பி ரோப் அது. கட்டைவிரல் பருமன், முப்பதடி நீளம், ஒரு முனையில் பெரிய இரும்புக் கொக்கி. கரும்பு ஏற்றிய டிரெய்லர், உர லாரி, நெல் அறுக்கிற மெஷின், எது சேற்றில் இறங்கினாலும் அதுதான் வரும். கொக்கியின் வாயை மூடுகிற நாக்கு என்றைக்கோ உடைந்துவிட்டது. நாக்கில்லாத கொக்கி, ரோப் தளர்ந்து கிடக்கிறவரை நழுவி நழுவி விழும். அதனால் டிராக்டர் நகர்ந்து ரோப் விறைக்கிறவரைக்கும் ஒருவன் பக்கத்தில் நின்று கொக்கியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவன் ஆல்பர்ட். பதினோரு வருஷமாக ஆல்பர்ட். காஞ்சிபுரத்துக் கடையில் கேட்டால் அந்த நாக்கு ஒரு பிடி இரும்பு. அதை வாங்கி மாட்ட இந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுதான் ஆல்பர்ட் இருக்கிறானே!

இதில் கொடுமை என்னவென்றால், ஆல்பர்ட்டுக்கு அதில் பெருமை வேறு. 'கொக்கி ஆல்பர்ட்டு' என்று யாராவது கூப்பிட்டால் முகம் மலர்ந்துவிடும். "அவன் வந்தாத்தான் ஆவும்" என்று முத்துகிருஷ்ணன் ஒருமுறை சொன்னதை இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இழுவையின் நடுவில் கொக்கி தெறித்து, அவன் இடது காதின் நுனியைச் சீவிக்கொண்டு போய் வரப்பில் இறங்கியது. அதைக்கூட அவன் வேடிக்கையாகத்தான் சொல்வான். கேட்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பிரிஸ்கில்லா ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. அந்தக் காது நுனிக்கும் நெற்றிப்பொட்டுக்கும் எத்தனை விரல் தூரம் என்று அவளுக்குத் தெரியும். அவன் தூங்கும்போது அளந்து பார்த்திருக்கிறாள்.

அவளுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில், பாரம் தூக்குகிற சாமான்களை வைத்திருக்கும் ஸ்டோரில் அவளுக்கு ஐந்து வருஷ வேலை. பெல்ட், சங்கிலி, பெல்ட்டை மாட்டுகிற இரும்பு வளையமான ஷேக்கிள், இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்து, எத்தனை டன் தாங்கும் என்ற எழுத்து இருக்கிறதா என்று தேடி, இல்லாவிட்டால் சிவப்பு மை பூசி மூலையில் வீசுவது அவள் பொறுப்பு. எழுத்தில்லாத சாமானை மேனேஜரே வந்து கெஞ்சினாலும் தரமாட்டாள். கம்பெனியில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஊருக்குள் வந்தால் அவள் ஆல்பர்ட் பெண்டாட்டி, அவ்வளவுதான்.

ஏரியில் பாதித் தண்ணீர் இருந்தது. கார்த்திகை மழை நன்றாகப் பிடித்த வருஷம். கடை மதகுப் பக்கம் தண்ணீர் இன்னும் ஏறாத இடத்தில் மேலாகக் காய்ந்து, உள்ளே களியாக இருந்தது தரை. அதைப் பார்த்து ஏமாந்துதான் முத்துகிருஷ்ணனின் மகன் வினோத்குமார் ஜீப்பை இறக்கியிருக்கிறான். உயரமான டயர், கூரைமேல் வரிசையாக விளக்கு, எல்லாம் போட்டு ஆறு மாதமாகச் செதுக்கிய ஜீப். சென்னையிலிருந்து வந்திருந்த இரண்டு நண்பர்கள் கையில் போனை வைத்துக்கொண்டு கரைமேல் நின்றார்கள். ஜீப்பின் மூக்கு களிக்குள் புதைந்து, வால் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. மேலேரி வழிந்து கால்வாயில் தண்ணீர் புறப்பட்டாயிற்று என்று மத்தியானமே சேதி வந்திருந்தது. இருட்டுவதற்குள் இங்கே வந்துவிடும். வந்தால் ஜீப் முழுகும்.

கெட்டித் தரையில் டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற பாண்டுரங்கன் காலனிக்காரன்தான், ஆல்பர்ட்டின் பக்கத்து வீடு. கரைமேல் குடையை ஊன்றிக்கொண்டு முத்துகிருஷ்ணன். அவரைச் சுற்றிக் காலனி ஆட்கள் ஏழெட்டுப் பேர். கீழே முழங்கால் சேற்றில், ஜீப்பின் பின்னால், இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு ஆல்பர்ட்.

பிரிஸ்கில்லா யாரையும் கேட்கவில்லை. சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினாள்.

"நீ எதுக்கும்மே இங்க வந்த?" என்றான் ஆல்பர்ட். அவன் குரலில் கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகம்.

"அத கீழ போடு."

"எல்லாரும் பாத்துகினு கீறாங்க. மானத்த வாங்காத."

அவள் கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "சார், இந்த ரோப்பு வேணாம். பாதி இழ அறுந்து நிக்குது. இஸ்தா ஆளக் கொன்னுடும்."

முத்துகிருஷ்ணனுக்கு முதலில் உறைத்தது ரோப்பைப் பற்றிய பேச்சல்ல, அந்த 'சார்'. காலனியில் இருந்துகொண்டு அவரை ஐயா என்று கூப்பிடாத ஒரே ஆள் இவள்தான். கம்பெனியில் எல்லாரையும் சார் என்றுதான் கூப்பிடுகிறோம், இவருக்கு மட்டும் என்ன தனி என்று அவள் ஒருமுறை கேட்டதாக அவர் காதுக்கும் போயிருந்தது.

"ஆல்பர்ட்டு, இன்னாடா ஒம் பொண்டாட்டி சட்டம் பேசறா? எங்கப்பா காலத்து ரோப்புடா அது."

"அதான் சார் சொல்றேன். ஒங்க அப்பா காலத்துது." கரையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். "இருக்கற சாமானையெல்லாம் எடுத்துப் போடுங்க. எது ஆவும்னு நான் பாத்து சொல்றேன். தம்பி, ஒங்க வண்டில இன்னா கீது?"

வினோத்குமாருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. வண்டியை விட்டதில் வாங்கிய திட்டுக்கு நடுவில், தன் சாமான்களைப் பற்றிக் கேட்க ஒரு ஆளாவது வந்தாளே! ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெட்டியை இழுத்துத் தார்ப்பாயில் கவிழ்த்தான்.

முதலில் அவள் கையில் வந்தவை இரண்டு சிவப்பு ஷேக்கிள். பளபளவென்று கண்ணைப் பறித்தன. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எத்தினி டன்னுன்னு எங்க போட்டுகீது?"

"அது... வண்டி கலருக்கு மேட்ச்சா இருக்கும்னு ஆன்லைன்ல வாங்கினது அக்கா."

"அப்போ அழகுக்கே மாட்டிக்கோங்க."

அடுத்து பாண்டுரங்கன் டிராக்டரில் கிடந்த சங்கிலியைக் கொண்டுவந்து போட்டான். ஒரு கண்ணி வாய் பிளந்து, அதைச் சுத்தியால் அடித்து மூடியிருந்தார்கள். அவள் அதைத் தொடக்கூட இல்லை. "சங்கிலி சொல்லிட்டு அறுவாது" என்றாள். போர் மோட்டாரைத் தொங்கவிடுகிற நைலான் கயிறு ஒன்றை எவனோ தூக்கிப் போட்டான். வெயிலில் வெளுத்து, நடுவில் மூன்று முடிச்சு. "ஒவ்வொரு முடிச்சுலயும் பாதி பலம் பூடும். தள்ளு."

பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு பெல்ட் இருந்தது. நாலு விரல் அகலம். உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். ஓரத்தில் தைத்திருந்த சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள். அப்புறம் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இரண்டு ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். கம்பெனியில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை செய்கிற வேலை. கரையில் நின்றவர்களுக்கு அது என்ன என்று புரியவில்லை, ஆனால் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"எட்டு டன்னு. இது ஆவும். ஏன் தம்பி இத எடுக்கல?"

"வெள்ள பெல்ட்டு அக்கா. அழுக்காயிடும்னு..."

பெல்ட்டுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் அசிங்கமாக இன்னும் இரண்டு ஷேக்கிள் கிடந்தன. அவற்றின் உடம்பிலேயே நாலே முக்கால் டன் என்று பொறித்திருந்தது. பிரிஸ்கில்லா அவற்றை எடுத்துத் தாவணியில் முடிகிறவள்போல துப்பட்டா முனையில் கட்டிக்கொண்டாள். மற்ற எல்லாவற்றையும் காலால் ஒதுக்கினாள்.

முத்துகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இரும்ப வேணான்றா, துணிய எடுத்துக்கினா. ரெண்டு டன்னு வண்டிய துணில கட்டி இஸ்துகினு வரப்போறாளாம்!" ஐயா சிரித்தால் சிரிக்க வேண்டும் என்று பழகிய கூட்டம், சிரித்தது. ஆல்பர்ட்டும் சிரித்தான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"துணி அறுந்தா துணிதான் சார் வரும். இரும்பு அறுந்தா இரும்பு வரும்" என்றாள். "இன்னொண்ணு. அந்தப் பின்னாடி நீட்டிக்கினு கீற இரும்பு உருண்ட, அது டிரெய்லர் கட்டறதுக்கு. சேத்துலேர்ந்து புடுங்கினா அது ஒடஞ்சி மூஞ்சிக்கு வரும். வண்டிக்கு அடியில சேஸிஸ்ல ஒரு வளையம் இருக்கும். அதுலதான் மாட்டணும்."

"அது சேத்துக்குள்ள கீது" என்றான் பாண்டுரங்கன்.

"தோண்டுவோம். டயருக்குப் பின்னாடியும் தோண்டணும். ஒரு மணி நேரம் ஆவும்."

"ஒரு மணி நேரமா! அதுக்குள்ள தண்ணி வந்து வண்டிக்குள்ள குந்திக்கும்" என்று முத்துகிருஷ்ணன் குடையால் தரையில் குத்தினார். அவருடைய பொறுமை அதோடு தீர்ந்தது. "பேஜார் பண்ணாத, போம்மா. எந்தக் காலத்துல இத்தையெல்லாம் பாத்துகினு இருந்தோம்? ஆல்பர்ட்டு, மாட்டுடா. பாண்டு, எடுடா வண்டிய."

ஆல்பர்ட் கொக்கியை உருண்டையில் மாட்டி அழுத்திப் பிடித்தான். பதினோரு வருஷப் பழக்கம். ஐயா சொன்னால் அவன் கை அவனைக் கேட்காமலே போய்விடும். டிராக்டர் முன்னால் ஓரடி நகர்ந்தது.

பிரிஸ்கில்லா அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் கைமேல் தன் கையை வைத்து, அவளும் கொக்கியைப் பிடித்தாள்.

"இன்னா பண்ற?"

"புடிச்சிகினு கீறேன். ஒண்ணும் ஆவாதுல்ல? நானும் நிக்கிறேன்."

பாண்டுரங்கன் திரும்பிப் பார்த்தான். "தங்கச்சி, நவுரும்மா!"

"நவுர மாட்டேன். நீ இஸ்துடுண்ணா."

அவன் இழுக்கவில்லை. இன்ஜினை அணைத்தேவிட்டான். "பொம்பள நிக்கிறா ஐயா. நான் எப்டி இஸ்துடறது?" என்றான். பதினோரு வருஷமாக அதே இடத்தில் ஆல்பர்ட் நின்றபோது இந்த நல்ல மனுஷனின் கால் ஒரு தடவைகூடத் தயங்கியதில்லை. எலும்பு பெண்களுக்கு மட்டும்தான் உடையும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிவைத்திருக்க வேண்டும்.

"ஊருக்குள்ள தல காட்ட முடியாம பண்ணிட்டியே" என்று பல்லைக் கடித்தான் ஆல்பர்ட்.

"தல இருந்தாத்தான்யா காட்ட முடியும். நீ என்ன அடிச்சாலும் சரி, வூட்ட உட்டுத் தொரத்தினாலும் சரி. நான் இந்த எடத்த உட்டு நவுர மாட்டேன்." சொல்லும்போது அவளுக்குப் பயம்தான். முத்துகிருஷ்ணன் அதட்டினால் இன்ஜின் மறுபடி கிளம்பி ரோப் விறைக்கலாம் என்ற பயம், இவன் நிஜமாகவே தன்னைக் கைவிட்டுவிடுவானோ என்ற பயம். இரண்டையும் மென்று விழுங்கிக்கொண்டு நின்றாள்.

முத்துகிருஷ்ணன் கரையிலிருந்தே கத்தினார். "நாளைலேர்ந்து ஒங்க வூட்லேர்ந்து ஒருத்தரும் என் நெலத்துல கால வைக்கக் கூடாது! ஒம் மாமியாருக்கும் சேத்துதான் சொல்றேன்!"

மாமியார் அங்கேயேதான் இருந்தாள். மருமகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து, கரையோரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் இருந்த இடத்தையும் ரோப்பையும் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ரோப் போடுகிற இடத்துக்கு அவள் வந்ததே இல்லை. இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறாள்.

"நாளைக்கு இன்னா ஐயா, இன்னைக்கே நின்னுட்டேன். மீதிக் களைக்கு வேற ஆளு பாத்துக்கோங்க" என்றாள் மார்த்தாள். அவள் ஐயாவை எதிர்த்துப் பேசி அந்த ஊர் கேட்டதில்லை.

முத்துகிருஷ்ணன் சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "ஒரு கொக்கிய புடிக்க இந்த ஊர்ல ஆம்பளையே இல்லியா? யாராவது எறங்குங்கடா!"

ஏழெட்டுப் பேரும் தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள். ஒருவன் பீடியைப் பற்றவைத்தான். இன்னொருவனுக்குத் திடீரென்று மாடு ஞாபகம் வந்துவிட்டது. "எறங்கறதுன்னா எறங்குங்க" என்றாள் பிரிஸ்கில்லா கீழேயிருந்து. "வூட்ல சொல்லிட்டு எறங்குங்க." யாரும் இறங்கவில்லை.

"வுடு நைனா, நானே புடிக்கிறேன்" என்றான் வினோத்குமார். நண்பர்களுக்கு முன்னால் இவ்வளவு நேரம் நடந்த கூத்து அவனைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. பையன் கெட்டவனில்லை. எது ஆபத்து என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான். சேற்றில் குதித்து வந்தான். "ஒரு நிமிசம் வேல அக்கா. நவுருங்க" என்று ஆல்பர்ட்டின் கையிலிருந்து கொக்கியை வாங்கி, ஆல்பர்ட் பெண்டாட்டியைத் தள்ளி இழுத்துக்கொண்டதும் உருண்டையில் மாட்டினான். இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, நண்பர்கள் தூக்கிப் பிடித்த போனைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தான். "பாண்டண்ணா, போலாம்!"

பிரிஸ்கில்லா, "தம்பி, வேணாம்" என்று வாயெடுப்பதற்குள் இன்ஜின் மறுபடி உறுமி டிராக்டர் கிளம்பிவிட்டது. சேற்றில் கிடந்த ரோப் மெல்ல மேலே எழுந்தது. அதிலிருந்து சேறு சொட்டியது. அறுந்த இழைகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன. விறைக்க இன்னும் ஒரு முழம்தான் இருந்தது.

"டேய்! வினோத்து! அங்க நிக்காதடா!"

முத்துகிருஷ்ணன்தான். குடை ஒரு பக்கம் போயிற்று. வேட்டியோடு கரையிலிருந்து சரிந்து, ஒரு செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு ஓடி வந்தார். "வெளிய வாடா! கண்ணு, வெளிய வந்துடு! பாண்டு, நிறுத்துடா! நிறுத்துடா டேய்!"

பாண்டுரங்கன் நிறுத்தினான். ரோப் தொப்பென்று விழுந்தது. வினோத்குமார் கொக்கியை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்து முழித்தான். அவர் அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று பத்தடி இழுத்துக்கொண்டு போனபிறகுதான் மூச்சு விட்டார். அப்புறம்தான் சுற்றிலும் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது.

பிரிஸ்கில்லாவுக்கு அந்த நேரத்தில் அவரைக் கேட்க நூறு கேள்வி இருந்தது. ஆனால் ஆல்பர்ட் முந்திக்கொண்டான்.

"ஐயா, அங்க நின்னா இன்னா ஆவும்?"

முத்துகிருஷ்ணன் மகனின் கையிலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டார்.

"இல்ல, தெரிஞ்சிக்கலாம்னு கேக்கறேன். நான் பதினோரு வருசமா அங்கதான் நிக்கிறேன். இன்னா ஆவும்?"

"அவனுக்குப் பழக்கம் இல்லடா" என்றார் முத்துகிருஷ்ணன். குரல் உள்ளே போயிருந்தது. "ஒனக்கு பழக்கம்."

"யாருக்கு பழக்கம், யாருக்கு இல்லன்னு கொக்கிக்குத் தெரியுமா ஐயா?"

பதிலுக்கு நிற்காமல் ஆல்பர்ட் போய் ஒரு மண்வெட்டியை எடுத்து வந்தான். ஜீப்பின் பின்னால் குனிந்து, பெண்டாட்டியிடம், "அந்த வளையம் எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டான். பிரிஸ்கில்லா அவன் பக்கத்தில் குனிந்தாள். விரலால் காட்டினாள்.

அதற்குப் பிறகு எல்லாரும் இறங்கினார்கள். மாடு ஞாபகம் வந்தவன்கூடத் திரும்பி வந்துவிட்டான். இரண்டாவது மண்வெட்டியை வினோத்குமாரே எடுத்துக்கொண்டான். டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். டயரைச் சுற்றிக் களியைத் தோண்டி, சறுக்காமலிருக்கப் பனை மட்டையையும் கருவேலங்கிளையையும் திணித்தார்கள். முக்கால் மணி நேரத்தில் வளையம் கைக்குத் தட்டுப்பட்டது. பிரிஸ்கில்லா சாம்பல் நிற ஷேக்கிளைக் கழுவி மாட்டி, அதன் திருகை இறுக்கி, பிறகு கழற்ற வராமல் கடித்துக்கொள்ளக் கூடாதென்று ஒரு கால் சுற்று பின்னால் விட்டாள். பெல்ட்டின் மறுமுனையை டிராக்டருக்கு அடியில், தாழ்ந்த துளையில் மாட்ட வைத்தாள். மேலே மாட்டினால் டிராக்டரே குதிரைபோல எழுந்து பின்னால் கவிழும் என்று பாண்டுரங்கனிடம் சொன்னாள். அது அவனுக்குத் தெரியும் என்றான். தெரிந்தும் இதுநாள்வரை மேலேதான் மாட்டிக்கொண்டிருந்தான்.

அறுந்தாலும் எகிறாமலிருக்க, பெல்ட்டின் நடுவில் ஈரச் சாக்கு இரண்டைப் போட்டாள். ஜீப்பில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வினோத்குமார், டிராக்டரில் பாண்டுரங்கன், இவர்களைத் தவிர ஒரு ஆளையும் அவள் பக்கத்தில் விடவில்லை. அத்தனை பேரையும் கரைக்கு அந்தப் பக்கம், பனைமரங்களுக்குப் பின்னால் துரத்தினாள். "நீங்களும்தான் சார்" என்றாள் முத்துகிருஷ்ணனைப் பார்த்து. அவர் ஒற்றைச் செருப்போடு போனார்.

"வெடுக்குனு இஸ்துடாதண்ணா. நவுர்த்து. நவுர்த்து. அவ்ளோதான்."

பெல்ட் விறைத்தது. ஒரு நிமிஷம் எதுவுமே நடக்கவில்லை. அப்புறம் சேறு சளக்கென்று வாயைத் திறந்தது. ஜீப் ஓரடி பின்வாங்கியது. பிறகு இரண்டடி. பிறகு சும்மா உருண்டு கெட்டித் தரைக்கு வந்து சேர்ந்தது. ஒன்றும் தெறிக்கவில்லை, யாரும் அலறவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். ஜீப் இருந்த பள்ளத்தில் சற்று நேரத்தில் கால்வாய்த் தண்ணீர் மெல்ல நுழைந்தது.

வண்டி வெளியே வந்ததும் முத்துகிருஷ்ணனுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. நனைந்த வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "பெல்ட்டாவது ஒண்ணாவது, இன்னைக்கு ஏதோ நேரம் நல்லா இருந்துச்சு" என்றார், யாரையும் பார்க்காமல். "சரி, கோவத்துல ஏதோ சொன்னேன், மனசுல வெச்சிக்காதீங்க. ஆல்பர்ட்டு, அந்த ரோப்ப சுத்தி டிரெய்லர்ல போடு. நாளைக்கு கரும்பு வண்டிக்கு வேணும்."

ஆல்பர்ட் சேற்றில் கிடந்த ரோப்பைப் பார்த்தான். எடுக்கக் குனிவான் என்றுதான் பிரிஸ்கில்லா நினைத்தாள். அவன் குனிந்திருந்தாலும் அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். ஒரே நாளில் ஒரு மனுஷனிடம் எவ்வளவுதான் கேட்பது?

"கூப்டுங்க ஐயா, வர்றேன்" என்றான் அவன். "தோண்டச் சொல்லுங்க, தோண்டறேன். பெல்ட்டு போடச் சொல்லுங்க, போடறேன். ஆனா கொக்கிய புடிக்கணும்னா மொதல்ல தம்பி புடிக்கட்டும். நீங்க கரமேல நின்னு பாத்துகினு இருங்க. நீங்க கத்தலன்னா, அப்பால நான் வந்து புடிக்கிறேன்."

சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கழுவி ஓரமாக வைத்தான். மார்த்தாளின் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். மூன்று பேரும் கரை ஏறினார்கள். அவர்கள் பின்னால் பாண்டுரங்கன் வந்தான், அப்புறம் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

கரைமேல் ஏறியபிறகு பிரிஸ்கில்லா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கீழே, ஒற்றைச் செருப்போடு சேற்றில் குனிந்து, முத்துகிருஷ்ணன் அந்த ரோப்பைத் தானே சுற்றிக்கொண்டிருந்தார்.